ஜூலையில் பிறக்கும் வருடம்

ஜூலை முதல் வாரத்தில் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களைத் தாண்டிப் போனால், மாப்பிள்ளை பெண் படம் இல்லாத ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கண்ணில் படும். கோட்டு போட்ட ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். ஓரத்தில் பற்சக்கரச் சின்னம். கீழே 'ரோட்டரி சங்கம், புதிய நிர்வாகிகள் பதவியேற்பு விழா'. போன வருடம் அதே இடத்தில் சிரித்தவர் ஜவுளிக்கடைக்காரர். இந்த வருடம் பல் டாக்டர். அடுத்த வருடம் வேறொருவர். நாமும் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்திவிடுவோம். அந்த பேனரை இறக்கிய பிறகு பன்னிரண்டு மாதம் என்ன நடக்கிறது என்று யாரும் நமக்கு உட்காரவைத்துச் சொன்னதில்லை. டீ வரட்டும், நிதானமாகப் பார்ப்போம்.

பேச வசதியாக ரோட்டரியை எடுத்துக்கொள்வோம். அரிமா சங்கம் என்று நாம் சொல்லும் லயன்ஸ் கிளப்புக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இரண்டுமே சிகாகோவில் பிறந்தவை. ரோட்டரியை 1905இல் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு தொடங்கினார். லயன்ஸ் 1917இல் மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் உருவானது. ரோட்டரி கல்கத்தாவுக்கு 1920இலும் சென்னைக்கு 1929இலும் வந்தது. இரு அமைப்புகளுக்கும் வருடம் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது.

ஒரு நடுத்தர ஊர்ச் சங்கத்தில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். உள்ளே இருக்கும் ஒருவர் நம்மை அழைத்துப்போய் முன்மொழிந்தால்தான் சேர முடியும். ஆரம்ப காலத்தில் ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற கறாரான விதி இருந்தது. ஒரு வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் வணிகர்: முதல் நால்வரே அப்படித்தான். இன்று விதி தளர்ந்துவிட்டது. கலவை மட்டும் மிச்சமிருக்கிறது. ஆடிட்டர், அச்சகம் வைத்திருப்பவர், மருந்துக்கடைக்காரர், பள்ளித் தாளாளர், அரிசி ஆலைக்காரர், எலும்பு டாக்டர் என்று ஒரு சின்ன ஊருக்கு வேண்டிய ஆட்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். சங்கத்தின் உண்மையான மூலதனம் இதுதான் என்பது என் கணிப்பு. ஏன் என்பது கண் சிகிச்சை முகாமைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

பெண்கள் இந்த மேசைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரின் சங்கம் 1970களில் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக ரோட்டரியிலிருந்து நீக்கப்பட்டது. வழக்கு நடந்து, 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1989இல் உலகம் முழுவதற்குமான விதி மாறியது. அகில உலகத் தலைவர் பதவிக்கு முதல் பெண்ணாக ஜெனிஃபர் ஜோன்ஸ் வந்தது 2022இல். நம் பக்கத்துச் சங்கங்களில் இன்னமும் உறுப்பினரின் மனைவியை 'ரோட்டரி ஆன்' என்று மேடையில் கூப்பிடுகிறார்கள். சொந்தமாக மருத்துவமனை நடத்தும் அம்மாவுக்கும் அங்கே அதுதான் பெயர். எனக்கு அது ரசிப்பதில்லை.

சரி, இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். "அவங்களுக்கு என்னப்பா, அமெரிக்காவுலேர்ந்து பணம் வருது, எடுத்துச் செலவு பண்றாங்க." நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் காட்டமானவர்கள், "நம்மகிட்ட வசூல் பண்ணி ஓட்டல்ல சாப்பிடறாங்க" என்பார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் சங்கம் எப்படி ஓடுகிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

முதலில், பணம் இங்கிருந்துதான் மேலே போகிறது. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வைப்பார்கள் இல்லையா, அதே கணக்கு. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன் நகரில் இருக்கிறது ரோட்டரியின் தலைமையகம். ஒரு சங்கத்தில் எத்தனை தலை இருக்கிறதோ அத்தனைக்கும் ஜூலையில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை அங்கிருந்து பில் வரும். இதற்கு மேல் பல சங்கங்கள் சேர்ந்த ரோட்டரி மாவட்டத்துக்கு ஒரு தொகை, ரோட்டரி பத்திரிகைக்குச் சந்தா, ஊர்ச் சங்கத்தின் ஆண்டுக் கட்டணம். உறுப்பினர் பட்டியலில் பெயர் இருந்தும் கூட்டத்துக்கு வராத, பணமும் கட்டாத நாலு பேரைப் பொருளாளர் ஏன் அப்படித் துரத்துகிறார் என்பது இப்போது தெரிகிறதா? அவர்களுடைய வரியையும் சங்கம்தான் கட்டியாக வேண்டும்.

அடுத்து, ஒழுங்காக நடக்கும் சங்கத்தில் இரண்டு கணக்கு இருக்கும். உறுப்பினர் கட்டணம் ஒன்றில். கூட்டத்துச் சாப்பாடு, மண்டப வாடகை, தபால், மைக் செட் எல்லாம் அதிலிருந்து. சேவைக்கென்று நாம் கொடுக்கும் நன்கொடை இன்னொன்றில்; பெரும்பாலும் அதற்கென்று தனியாக ஓர் அறக்கட்டளை பதிவு செய்து, வருமான வரி விலக்குச் சான்றும் வாங்கி வைத்திருப்பார்கள். பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும், நிர்வாகச் செலவுக்குத் தொடக்கூடாது என்பதில் லயன்ஸ் விதி இன்னும் கறார். ஆகவே அந்த ஓட்டல் சாப்பாடு அவர்கள் காசில் அவர்கள் சாப்பிடுவது. கணக்குகளை ஒன்றோடொன்று கலக்கும் சங்கங்கள் இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி எது என்பதாவது நமக்குத் தெரிந்திருக்கட்டும்: நன்கொடை எந்தக் கணக்கில் விழுகிறது?

மூன்றாவதாக, அமெரிக்காவிலிருந்து பணம் வருகிறதே, அது என்ன? அதற்குப் பெயர் ரோட்டரி ஃபவுண்டேஷன். 1917இல் அப்போதைய தலைவர் ஆர்ச் கிளம்ஃப் இந்த யோசனையை முன்வைத்தார். முதலில் வந்து சேர்ந்த நன்கொடை 26 டாலர் 50 சென்ட். இன்றும் உறுப்பினர்கள் போடும் பணமே அதன் அடித்தளம். ஆயிரம் டாலர் கொடுத்தால் 'பால் ஹாரிஸ் ஃபெல்லோ' என்ற கௌரவம். அழைப்பிதழில் சிலர் பெயருக்குப் பின்னால் பி.எச்.எஃப். என்று ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான், படித்து வாங்கிய பட்டம் இல்லை.

ஆண்டு நிதிக்கு இப்படிக் கொடுத்த பணத்தை ஃபவுண்டேஷன் உடனே தொடாது. மூன்று வருடம் முதலீட்டில் கிடக்கும். அதில் வரும் வருமானம் அவர்களுடைய நிர்வாகச் செலவுக்கு. மூன்று வருடம் கழித்து ஏறத்தாழ பாதி, கொடுத்த மாவட்டத்தின் பெயருக்கே திரும்புகிறது. மீதியில் பெரும்பகுதி உலகப் பொது நிதிக்குப் போகிறது. ஆக, 2022இல் நம் ஊர் மருந்துக்கடைக்காரர் எழுதிய செக்கின் பலன் 2025இல் கைக்கு வரும். அதைச் செலவு செய்பவர் வேறொரு தலைவர். இன்றைய தலைவர் மூச்சைப் பிடித்துத் திரட்டுவதும் இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத யாரோ ஒருவருக்காகத்தான். வருடத்துக்கொரு தலைவர் என்கிற ஏற்பாட்டுக்குள் மூன்று வருடத்துக் கணக்கு ஒளிந்திருப்பது வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தெரிவதில்லை.

பெரிய திட்டம் வேண்டுமென்றால் 'குளோபல் கிராண்ட்' என்று ஒன்று இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கோ அறக்கட்டளை மருத்துவமனைக்கோ டயாலிசிஸ் எந்திரங்கள் வாங்கித் தருவது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. இதற்கு மொத்தச் செலவுத் திட்டம் குறைந்தது 30,000 டாலராவது இருக்க வேண்டும். நம் சங்கம் ஒரு பக்கம், வெளிநாட்டுச் சங்கம் ஒன்று மறுபக்கம் என இரண்டு பேர் கைகோக்க வேண்டும். மாவட்டங்கள் தங்கள் பங்கிலிருந்து ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் உலக நிதி எண்பது காசு சேர்க்கும். கேட்பதற்கு ஜோராக இருக்கிறது, ஆனால் ஊரில் இது தேவைதானா என்று ஆய்வு செய்து காட்ட வேண்டும்; எந்திரத்தை யார் இயக்குவார், பழுதானால் செலவு யாருடையது என்று எழுதித் தர வேண்டும்; முடிந்த பின் கணக்கும் அறிக்கையும் அனுப்ப வேண்டும். விண்ணப்பம் போட்டவர் பதவியில் இருக்கும்போதே எந்திரம் வந்து இறங்குவது அபூர்வம். கல்வெட்டில் இன்னொருவர் பெயர் வரும். இதைத் தாங்கிக்கொள்ளும் மனசு உள்ளவர்கள்தான் அந்த விண்ணப்பத்தில் கைவைப்பார்கள்.

பணத்தைப் பார்த்தாயிற்று. இனி மாதங்களைப் பார்ப்போம். ஜூலை 1 இந்தியாவில் மருத்துவர் தினம். அன்றே பட்டயக் கணக்காளர் தினமும். எனவே புதுத் தலைவரின் முதல் நிகழ்ச்சி பெரும்பாலும் டாக்டர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் பொன்னாடை போர்த்துவது. அவர்களில் பாதிப் பேர் சங்கத்திலேயே இருப்பதால் ஆள் தேடும் வேலையும் இல்லை. அதே வாரம் பதவியேற்பு. கழுத்தில் பட்டயச் சங்கிலி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்; மேடையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பாராட்டி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிடும். சால்வைச் செலவைப் பாதியாகக் குறைத்தாலே ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டலாம் என்று சங்கத்துக்குள்ளேயே முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி.

பேனரில் ஒரு முகம்தான் சிரிக்கிறது, ஆனால் எந்த நேரத்திலும் வரிசையில் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். போன வருடத்துத் தலைவர் நிர்வாகக் குழுவில் தொடர்கிறார். அடுத்த வருடத்துக்கானவர் பக்கத்திலேயே பழகிக்கொண்டிருக்கிறார். அதற்கும் அடுத்தவர் யார் என்பதும் வருடத்தின் நடுவில் முடிவாகிவிடும், ஏனென்றால் பதவியேற்பதற்குப் பதினெட்டு மாதங்களாவது முன்பே ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்பது விதி. டிசம்பர் 31க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடி இதை முடிக்க வேண்டும். போட்டி பலமாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா? பல ஊர்களில் நிலைமை நேர்மாறு. "போன வருஷமே தம்பிக்குக் கல்யாணம்னு தப்பிச்சீங்க, இந்தத் தடவை முடியாதுண்ணே" என்று ஆளைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. சொந்தக் கடையை வருடம் முழுக்க அரைநாள் வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு வருவது லேசான காரியமா?

கூட்டம் முன்பெல்லாம் வாரா வாரம். இப்போது மாதத்துக்கு இரண்டு நடந்தால் போதும் என்று விதி இளகியிருக்கிறது. மணியடித்துத் தொடங்குவார்கள். நான்கு கேள்விகளை எல்லோருமாகச் சேர்ந்து சொல்வார்கள்: சொல்வது உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணம் வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மையா என்கிற போக்கில் இருக்கும். ஹெர்பர்ட் டெய்லர் என்ற சிகாகோக்காரர், திவாலாகும் நிலையில் இருந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த 1932இல் தன் ஊழியர்களுக்காக எழுதியது அது. ரோட்டரி 1943இல் தனதாக்கிக்கொண்டது. அப்புறம் ஒரு சிறப்புரை, கணக்கு, வரும் வாரத்து வேலைப் பங்கீடு, சாப்பாடு. வருடத்தில் ஒருநாள் மாவட்ட ஆளுநர் வருவார். இது கலெக்டர் ஆளும் மாவட்டம் இல்லை. பல பத்துச் சங்கங்களைச் சேர்த்து எண் போட்ட ரோட்டரி மாவட்டம். அவரும் ஒரு வருடத்து ஆள்தான். அவர் வருகிற வாரத்தில் செயலாளர் வீட்டில் விளக்கு அணைய நள்ளிரவாகும், அறிக்கைகளெல்லாம் அன்றுதான் எழுதப்படும்.

ஆகஸ்டில் கொடியேற்றம், செப்டம்பர் 5இல் ஆசிரியர்களுக்கு விருது; வேகமாகத் தாண்டுவோம். நடுவில் எங்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் சிகிச்சை முகாம் வரும். அங்கே நின்று பார்க்க நிறைய இருக்கிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்புரை வந்த கிராமத்துப் பாட்டி தானாகக் கிளம்பி மதுரைக்கு வரமாட்டாள் என்பது அங்கே ஆரம்பத்திலேயே புரிந்துவிட்டது. அறுவை சிகிச்சை இலவசம் என்றாலும், பஸ்ஸுக்குக் காசு யார் கொடுப்பது, துணைக்கு யார் வருவது, இரண்டு நாள் கூலி என்னாவது? அதனால் மருத்துவமனையே ஊரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. ஊருக்குள் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் பள்ளிகளும் அந்த ஆளாக இருக்கின்றன.

வேலை எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். இடம் சங்கத்தின் பொறுப்பு: பள்ளித் தாளாளர் உறுப்பினராக இருப்பதால் ஞாயிறன்று வகுப்பறைகள் கிடைக்கும். நோட்டீஸ் அச்சகக்காரர் அடித்துத் தருவார். முந்தைய நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கிராமத்தில் எந்த நேரம் ஜனம் வீட்டில் இருக்கும் என்பது அரிசி ஆலைக்காரருக்குத் தெரியும். காலையில் வந்திறங்கும் மருத்துவக் குழுவுக்கு டிபன், வரிசையை ஒழுங்குபடுத்த கல்லூரிப் பிள்ளைகள், பெரியவர்கள் உட்கார நாற்காலி, நிழலுக்குப் பந்தல். மருத்துவம் முழுவதும் மருத்துவமனையின் பொறுப்பு: பெயர் பதிவு, பார்வைப் பரிசோதனை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியில் டாக்டர். கண்புரை அறுவைக்குத் தேர்வானவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிப் போய், அறுவை செய்து, லென்ஸ் வைத்து, இடமும் சாப்பாடும் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பிறகு ஒரு நாள் மறுபரிசோதனை. அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் இப்படிச் செய்யும் அறுவைகளுக்கு மருத்துவமனைக்கு ஒரு தொகை தருகிறது.

இதில் சங்கம் செலவழித்த பணம் எவ்வளவு இருக்கும் என்று மனசுக்குள் கூட்டிப் பாருங்கள். நோட்டீஸ், ஆட்டோ வாடகை, பந்தல், டிபன். ஒரு சுமாரான காதுகுத்து விசேஷத்துக்குக் கூட அதைவிட அதிகம் ஆகும். அதைக் கொண்டு ஒரே நாளில் எத்தனையோ பேருக்குக் கண் தெரிகிறது. பணம் மட்டும் இருக்கிற ஒருவர் தனியாக இதைச் செய்யப் போனால் யாரிடம் சாவி வாங்குவது, யாரிடம் சொன்னால் ஊருக்குள் சேதி போகும் என்று தெரியாமல் முழிப்பார். பஸ்ஸில் ஏறத் தயங்கும் பாட்டியிடம், "ஆத்தா, நம்ம மருந்துக்கடைக்காரர் மகன் கூட வர்றான், பயப்படாதீங்க" என்று சொல்ல ஓர் உள்ளூர் முகம் வேண்டியிருக்கிறது. மேசையைச் சுற்றியிருந்த அந்தக் கலவைதான் மூலதனம் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

அக்டோபர் 24 உலக போலியோ தினம். அன்று ஒரு பேரணி நடக்கும், சிவப்புச் சட்டைகள், கோஷங்கள். பார்க்கச் சடங்கு போலத் தெரியும், ஆனால் பின்னால் இருக்கும் கதை சாதாரணமானது இல்லை. உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கிடைக்கச் செய்வது என்று ரோட்டரி 1985இல் இறங்கியது. 1988இல் உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளோடு சேர்ந்து உலகளாவிய ஒழிப்பு இயக்கமாகியது. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், தேசியத் தடுப்பூசி நாட்களுக்காக வடக்கில் துப்பாக்கிகள் ஓய வேண்டியிருந்தது. அந்தப் போர்நிறுத்தத்துக்கு யுனிசெஃப் அமைப்போடு இணைந்து பேச்சு நடத்தியவர்களில் கொழும்பு ரோட்டரி உறுப்பினர் கே.ஆர். ரவீந்திரனும் ஒருவர். பின்னால் 2015இல் அவர் அகில உலகத் தலைவரானார். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாகக் கண்டறியப்பட்டது 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில், ஒரு சிறுமிக்கு. 2014 மார்ச்சில் நம் பிராந்தியம் போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது.

1985இலிருந்து 2011 வரை கூட்டினால் இருபத்தாறு வருடம். அப்படியானால் ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலும் இருபத்தாறு தலைவர்கள். அவர்களில் ஒருவராவது "போன ஆள் செய்ததையே நானும் செய்வதா, என் பெயர் சொல்ல ஒன்று வேண்டாமா" என்று நினைக்காமல் இருந்திருப்பாரா? ஒரு வருடப் பதவியில் உள்ள பெரிய ஆபத்து அந்த நினைப்பு. ஆகஸ்டில் நட்டு, போட்டோ எடுத்து, செப்டம்பரில் ஆடு மேய்ந்துபோன மரக்கன்றுகள் எத்தனையோ ஊர் ரோட்டோரத்தில் இருக்கின்றன. கூண்டில் மட்டும் சங்கத்தின் பெயர் பளிச்சென்று இருக்கும். தண்ணீர் ஊற்றுவது அடுத்த தலைவரின் வருடத்தில் வருகிற வேலை, அதற்குப் போட்டோ கிடையாது. போலியோவில் அப்படி ஆகாததற்குக் காரணம், இலக்கும் பணமும் வருடத் தலைவரின் கையில் இல்லாமல் மேலே தனியாக நின்றதுதான்.

உள்ளூரிலும் சில சங்கங்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. கொங்குப் பக்கம் பல ஊர்களில் ரோட்டரி, லயன்ஸ் பெயரில் மின்மயானங்களைப் பார்த்திருப்பீர்கள். சில ஊர்களில் எரிவாயுத் தகன மேடை. நகராட்சி இடம் தர, கட்டியதும் நடத்துவதும் சங்கத்துக்காரர்கள். வருடம் முன்னூற்று அறுபத்தைந்து நாளும் ஆள் இருக்க வேண்டும், எந்திரம் பழுதாகக்கூடாது, கட்டணமும் கட்டுப்படியாக வேண்டும். இதை ஜூன் 30 அன்று சாவியை மாற்றிக்கொள்ளும் ஒருவரிடம் விட முடியுமா? அதனால் தனி அறக்கட்டளை, நிலையான அறங்காவலர்கள், தனி வங்கிக் கணக்கு. சங்கத் தலைவர் மாறிக்கொண்டே இருப்பார். அந்த அறக்கட்டளையில் பத்து, பதினைந்து வருடமாக ஒரே ஆள் தினமும் மாலை வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் முகம் பேனரில் வராது. ஒரு சங்கம் எப்படிப்பட்டது என்று அறிய நான் அந்த மாதிரி ஆள் அங்கே இருக்கிறாரா என்றுதான் முதலில் விசாரிப்பேன்.

நவம்பர் முழுக்க ஃபவுண்டேஷனுக்கு வசூல், டிசம்பரில் தேர்தல், மழை வெள்ளம் வந்தால் நிவாரணப் பொட்டலம். ஜனவரி தொழிற்சேவை மாதம்: ஊரில் நாணயமாகத் தொழில் செய்யும் தபால்காரர், லைன்மேன், துப்புரவுப் பணியாளர், செவிலியர் என்று சிலரைக் கண்டெடுத்து விருது தருவார்கள். ஜூலைச் சால்வைகளைக் கிண்டல் செய்த நான் இந்தச் சால்வையைக் கிண்டல் செய்யமாட்டேன். பிப்ரவரி 23 ரோட்டரியின் பிறந்தநாள். அதையொட்டிய வாரங்களில் அடுத்த தலைவரை மாவட்டத்தில் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பயிற்சி கொடுப்பார்கள்.

மார்ச் வந்தால் பொருளாளருக்கு ஒரு கூடுதல் தலைவலி. ரோட்டரிக்கு வருடம் ஜூனில் முடிகிறது. இந்திய வருமான வரிச் சட்டப்படி அறக்கட்டளைக்கு மார்ச் 31இல் முடிகிறது. ஒரே வேலைக்கு இரண்டு வருடக் கணக்கு எழுத வேண்டும். ஜூலைக்கும் மார்ச்சுக்கும் நடுவே வாங்கிய சக்கர நாற்காலியும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் வாங்கியதும் ஒரு கணக்கில் ஒரே வருடம், இன்னொன்றில் வேறு வேறு வருடம். பொருளாளர் பதவியை ஆடிட்டரின் தலையில் கட்டுவது ஏன் என்று இனி கேட்கமாட்டீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் வாசலில் நீர்மோர்ப் பந்தல் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பெரிய வேலை ரத்ததான முகாம். கல்லூரிகள்தான் ரத்தம் கொடுப்பவர்களின் பெரிய கூட்டம். விடுமுறை விட்டதும் ரத்த வங்கிகளில் இருப்பு இறங்கிவிடும். பிரசவங்களும் விபத்துகளும் விடுமுறை எடுப்பதில்லை. ஒருமுறை எடுப்பது வழக்கமாக 350 மில்லி லிட்டர். 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 வேண்டும், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். விவரம் தெரிந்த சங்கம் காந்தி ஜெயந்திக்கு வைக்கும் முகாமை இந்தக் கோடைக்குத் தள்ளி வைக்கும். அக்டோபரில் நாலு இடத்தில் முகாம் நடந்து வங்கி நிரம்பியிருக்கும். மே மாதத்து ஒரு யூனிட்டுக்குத்தான் அலைச்சல்.

ஜூனில் வேகம் குறையும். பழைய தலைவர் கணக்கை முடிப்பார், சான்றிதழ்களுக்கு விவரம் அனுப்புவார், புதியவர் கோட்டுக்கு அளவு கொடுப்பார்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, நம் தெருவுக்கோ நம் கிராமத்துக்கோ ஒரு கண் முகாம் வேண்டும், அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை வேண்டும் என்று யாருக்காவது தோன்றலாம். வழக்கமாக நாம் செய்வது, பேனரைப் பார்த்துவிட்டு ஜூலையில் போய்த் தலைவரிடம் மனு கொடுப்பது. அதற்குள் அந்த வருடத்துத் திட்டம் ஏறக்குறைய எழுதி முடிந்திருக்கும். "பார்க்கலாங்க" என்ற பதிலோடு திரும்புவோம். மார்ச், ஏப்ரலில் போங்கள். இப்போதைய தலைவரை விட்டுவிட்டு, அடுத்த தலைவர் யார் என்று கேட்டு அவர் கடைக்குப் போங்கள். பயிற்சி முடித்துவந்து, வரும் வருடத்துக்கு என்ன செய்யலாம் என்று கையில் வெள்ளைத் தாளோடு அவர் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. பணம் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் கண் தெரியாமல் இத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள், பள்ளிச் சாவி எங்களிடம் கிடைக்கும், தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார், அன்றைக்கு வேலைக்குப் பத்துப் பையன்களை நாங்கள் தருகிறோம் என்று எழுதிக் கொண்டுபோங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.